இரண்டு குளிசைக் கேள்வி

கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடை. அந்தக் கடைக்கும் அதன் கிளைகளுக்குமாக எட்டு மாதம் இருந்து ஒரு பில் மென்பொருள் எழுதியிருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தொடங்கும் நாளன்று கடையில் போய் நிற்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெரியவர்கள் யாரும் அதை விரும்பவில்லை. காலை எட்டரைக்குக் கதவு திறந்தது. முதலில் வந்த அம்மா ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். கல்லாவில் இருந்த பிள்ளை கீபோர்டில் கை வைத்தவள், அப்படியே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, ரெண்டு குளிசைதான் கேக்கிறாங்க. எப்படி அடிக்கிறது?"

எங்கள் மென்பொருளுக்குப் பெட்டி தெரியும், கார்ட் தெரியும். குளிசை தெரியாது. கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கத்தரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது. கார்டை வெட்டி இரண்டு, நாலு என்று கொடுப்பதற்கான கத்தரிக்கோல். பிடியில் சுற்றியிருந்த ரப்பர் கறுத்துத் தேய்ந்து போயிருந்தது. அந்த எட்டு மாதத்தில் எங்களில் ஒருவர் அரை மணி நேரம் அங்கே நின்றிருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்கும். நாங்களோ ஏசி அறையில் மேலாளர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் தந்த தேவைப் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது.

திருத்தி முடிக்க ஐந்து கிழமை போனது. திரையில் ஒரு சொல்லைச் சேர்க்க ஐந்து கிழமையா என்று கேட்கலாம். இருப்புக் கணக்கு, கொள்முதல், காலாவதித் திகதி, இலாபம் எல்லாமே கார்ட் என்ற அலகின்மேல் எழும்பி நின்றன. முதல் கிழமையிலேயே அந்தப் பிள்ளை கேட்டிருந்தால் ஒரு மத்தியான வேலை. எட்டு மாதம் கழித்துக் கேட்டதால் அத்திவாரத்தைத் தோண்ட வேண்டியதாயிற்று.

மென்பொருளின் விசித்திரம் இதில்தான் இருக்கிறது. சுவரைக் கோணலாகக் கட்டினால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். குழம்பில் உப்புக் கூடினால் நாக்கு சொல்லும். மென்பொருளில் செய்த தவறு சத்தம் போடாமல் உள்ளே படுத்திருக்கும். அதன்மேல் இன்னொன்று ஏறும், அதன்மேல் மற்றொன்று. அதைப் பயன்படுத்த வேண்டிய ஆள் வந்து தொடுகிற அன்றுதான் அது விழித்துக்கொள்ளும். தவறு பிறந்த நாளுக்கும் அது தெரியவந்த நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் கிடக்கிறதோ, அத்தனைக்கு அதன் விலை வளர்ந்திருக்கும்.

அந்த நாட்களைக் குறைக்கும் கலைக்குத்தான் இன்று 'அஜைல்' என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சுறுசுறுப்பு என்று பொருள் என்பதால், வேகமாக வேலை வாங்கும் வித்தை என்றே பல முதலாளிமார் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பழைய முறைக்கு 'அருவி முறை' என்று பெயர். முதலில் தேவைகளை எல்லாம் எழுது, பிறகு வடிவமை, பிறகு கட்டு, பிறகு சோதி, கடைசியில் கொடு. தண்ணீர் படிப்படியாகக் கீழே விழுவது போல. விழுந்த தண்ணீர் மேலே ஏறாது. இதன் மூலம் என்று எல்லோரும் காட்டுவது 1970இல் வின்ஸ்டன் ரோய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதிய ஒரு கட்டுரையை. வேடிக்கை என்னவென்றால், அதில் அருவி என்ற சொல்லே கிடையாது. அந்தப் படிக்கட்டுப் படத்தை வரைந்த கையோடு, இப்படியே செய்தால் தோல்வியைத்தான் கூப்பிடுவீர்கள் என்று எச்சரிக்கிறார் மனிதர். புதிய வகை மென்பொருளானால் முழுவதையும் இரண்டு தடவை செய்யுங்கள், வாடிக்கையாளரின் கையில் கொடுப்பது இரண்டாவதாக இருக்கட்டும் என்றும் சொல்கிறார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது.

அதன் விளைவை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பெரிய அளவில் அனுபவித்தது. காகிதக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற அவர்கள் தொடங்கிய திட்டத்தின் தேவைப் பட்டியல் 800 பக்கங்களைத் தாண்டியது. பழைய முறையை ஒரே நாளில் நிறுத்திவிட்டு மறுநாள் எல்லோரும் புதியதற்கு மாறுவது என்பதுதான் ஏற்பாடு. சுமார் 17 கோடி டொலர் செலவான பிறகு, 2005இல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள்.

அதே 2005இன் தொடக்கத்தில் கொழும்பில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல முதலில் சுனாமி நாளுக்குப் போக வேண்டும்.

வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் சில பாறைகள்தான். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். காலை 6.50க்குப் பிறகு கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட ரயில் இந்தக் கரையோரப் பாதையில்தான் தெற்கே போனது. ஏறக்குறைய அதே நேரத்தில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. கிழக்குக் கரையை அலை அடித்த செய்தி எட்டியதும் மருதானைக் கட்டுப்பாட்டு அறை கரையோர ரயில்களை நிறுத்தத் தொடங்கியது; பல ரயில்கள் நின்றன. இந்த ஒன்றுக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை. அம்பலாங்கொடை நிலையத்தில் தொலைபேசியை எடுத்தபோது ரயில் புறப்பட்டுப் போயிருந்தது. பெரலியவில் அலை அந்த ரயிலை அடித்தது; 1,700க்கும் அதிகமானோர் இறந்தார்கள். செய்தி ஓரிடத்தில் இருந்தது. அது தேவைப்பட்ட இடம் வேறாக இருந்தது.

அடுத்த நாட்களில் நாடு முழுவதும் இதே கதைதான். 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போய்விட்டன. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் படுத்திருந்தார்கள். உதவிக்கு ஆள் குறைவில்லை, சாமானும் குறைவில்லை. ஒரு முகாமுக்கு மூன்று லொறி உடுப்புப் போகும். பத்து மைல் தள்ளியுள்ள முகாமில் பால்மா இருக்காது. யார் எங்கே வேலை செய்கிறார்கள், எந்த முகாமில் எத்தனை பேர், யாரை யார் தேடுகிறார்கள் என்பது நூறு கொப்பிகளில் நூறு விதமாக இருந்தது.

கொழும்பின் கணினிக்காரர்கள் இந்த இடத்தில்தான் கை கொடுத்தார்கள். சஞ்சீவ வீரவரணவின் முயற்சியால் தொடங்கப்பட்டிருந்த லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சுற்றித் தொண்டர்கள் கூடினார்கள். சமிந்திர டி சில்வா போன்றவர்கள் முன்னின்றார்கள். கட்டியதற்கு 'சஹன' என்று பெயர், சிங்களத்தில் நிவாரணம். 800 பக்கத் தேவைப் பட்டியல் எழுத அவர்களுக்கு நேரமில்லை. எழுதியிருந்தாலும் பிழையாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால் இந்த நாட்டில் இப்படி ஒரு பேரழிவை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. எந்த நிறுவனம் எங்கே நிற்கிறது என்ற பதிவேடு ஒன்று. முகாம்களின் பதிவேடு ஒன்று. காணாமற்போனோருக்கு ஒன்று. கேட்கப்பட்ட பொருளையும் கொடுக்க வந்த பொருளையும் சேர்த்துவைக்க ஒன்று. ஒவ்வொன்றும் தனித் துண்டு. ஒன்று முடியாவிட்டாலும் மற்றது ஓடும். சில கிழமைகளுக்குள் அது ஜனாதிபதியின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய செயற்பாட்டு மையத்தின் கையில் இருந்தது.

துண்டாகப் பிரித்ததில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. பத்துப் பேர் ஒரு வேலையில் இருந்தால், ஒருவரோடொருவர் பேச வேண்டிய இணைப்புகள் 45. ஐம்பது பேரானால் 1,225. நூறு பேரானால் 4,950. ஆள் பத்து மடங்கு, பேச்சு நூற்றுப்பத்து மடங்கு! தாமதமான திட்டத்துக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஐ.பி.எம். நிறுவனத்தில் அடிபட்டு அறிந்த பிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியதன் அடிப்படை இதுதான். தொண்டர்கள் திரண்டு வரும் நேரத்தில் எல்லோரையும் ஒரே வேலையில் விட்டால் பேசியே விடிந்துவிடும். சிறு குழுவுக்கு ஒரு துண்டு என்றால் பேச்சு குழுவுக்குள்ளேயே முடியும்.

சஹனவின் துண்டுகளில் காணாமற்போனோர் பதிவேடுதான் என்னை இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. பெயரைத் தட்டினால் ஆள் வரவேண்டும், அவ்வளவுதானே? நம் பெயர்களில் அது அவ்வளவு லேசில்லை. சண்முகம் என்று தமிழில் எழுதினால் ஒரே பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டக்களப்பில் ஒருவர் 'எஸ்'ஸில் தொடங்குவார். கொழும்பின் பழைய குடும்பம் ஒன்று 'சி எச்' போட்டுத் தொடங்கும். நடுவில் ஒரு 'எச்' வரும், போகும். தாய் ஒரு விதமாகச் சொல்ல, முகாமில் எழுதியவர் வேறு விதமாக எழுதியிருப்பார். கணினிக்கு இவை வெவ்வேறு ஆட்கள்.

ஒலியால் பெயர் தேடும் முறை ஒன்று நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. 1918இல் ரொபர்ட் ரஸல் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய 'சவுண்டெக்ஸ்'. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொள். உயிர் எழுத்துகளையும் 'எச்'சையும் விடு. ஒலியில் நெருங்கிய மெய்களுக்கு ஒரே இலக்கம் கொடு. எம்முக்கும் என்னுக்கும் 5, ஜிக்கும் கேக்கும் 2 என்று. 'எஸ்'ஸில் எழுதிய சண்முகம், 'எச்' இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'எஸ் 525' ஆகிறார். அழகான வேலை. ஆனால் 'சி'யில் தொடங்கும் சண்முகம் 'சி 525'. மூன்று இலக்கமும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன. முதல் எழுத்தில் ஆள் தொலைந்துபோகிறார். முதல் எழுத்து தவறாது என்பது ஆங்கிலப் பெயர்களுக்காக எடுத்த துணிவு. ஆங்கிலத்தில் முதல் எழுத்து மாறி மாறி வரும் தர்மலிங்கமும் ஞானமும் கொஞ்சம் சிரிப்பார்கள். இப்படிப்பட்ட ஓட்டையை எந்தக் கூட்டத்திலும் யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். தன் பிள்ளையைத் தேடும் ஒரு தாய் மேசைக்கு முன்னால் வந்து இருக்கும்போதுதான் அது தெரியும். அவருக்கு முன்னால் கணினியில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே தெரியும்.

அவசரத்தில் எழுதிய முதல் சஹனவை அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. சுவீடனின் அபிவிருத்தி நிறுவனமான சீடாவின் உதவியோடு, சுனாமியில் கற்றதை எல்லாம் வைத்து, அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள். ரோய்ஸ் சொன்ன இரண்டாவது தடவை! இலவசமாக, யாரும் எடுத்து மாற்றக்கூடிய திறந்த மூலமாக விட்டார்கள். 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவு மண்சரிவு, அதே வருடம் யோக்யகர்த்தா, 2010இல் ஹெய்ட்டி என்று அது போனது. நியூயோர்க் மாநகரமும் புயல் கால முகாம்களுக்கு அதை எடுத்துக்கொண்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கான விருதை முதல் வருடம் விக்கிப்பீடியாவுக்குக் கொடுத்தது. இரண்டாவது, 2006க்கானது, சஹனவுக்கு. நம் பாடப்புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பிள்ளைகளின் பைகளை நான் கிளறியதுண்டு.

அஜைலின் சாசனம் என்று சொல்லப்படுவது சஹன பிறப்பதற்கு நாலு வருடம் முந்தியது. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். நாலு வரி, அதற்குப் பின்னணியாக 12 கொள்கைகள். ஓடும் மென்பொருள் பெரிது, காகிதம் சிறிது. வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது பெரிது, ஒப்பந்தச் சண்டை சிறிது என்கிற போக்கு. இதற்குள் பல பள்ளிகள். பெயர்பெற்றது 'ஸ்க்ரம்'. ரக்பியில் இரண்டு பக்கமும் தோளோடு தோள் கோத்து முட்டும் அந்தக் கோலம்தான். 1986இல் தக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த உவமை. கொழும்பின் ஹவ்லொக் பார்க்கில் ஒரு மாலை நின்று ரக்பி பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு கிழமை, அல்லது மூன்று. அதற்குள் ஒரு சிறு துண்டை முழுமையாக முடித்து, பயன்படுத்துபவர் முன் வைக்க வேண்டும். முழுமையாக என்பதுதான் இதில் உயிர். வீட்டை அறை அறையாகக் கட்டிக் குடியேறுவது வேறு, எல்லா அறைக்கும் கால்வாசிச் சுவர் எழுப்பி வைப்பது வேறு.

இதை எனக்குப் புரிய வைத்தவர் வெள்ளவத்தையில் ஒரு தையல் அன்ரி. காலி வீதியில் சாறி வாங்குபவர்கள் பிளவுஸுக்கு ஒழுங்கைக்குள் தேடிப் போகும் வகையான வீட்டுக் கடை. மனைவி கொடுத்த துணிக்கு முதலில் நூலோட்டம் மட்டும் போட்டு வைத்திருந்தார். "போட்டுப் பாருங்கோ பிள்ளை, பிறகு மெசினிலை அடிப்பம்." தைத்து முடித்த பிறகும் பக்கத்துத் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் துணி மடிந்து கிடந்தது. ஏன் என்று கேட்டேன். உடம்பு ஒரே அளவிலா இருக்கப் போகுது என்றார். எங்கள் துறையில் இந்த ஒரு அங்குலத்தைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன.

தீபாவளிக்கு முன் அவர் செய்வது இன்னும் நுட்பம். ஒரு எண்ணிக்கைக்கு மேல் துணி வாங்கமாட்டார். வாசலில் நிற்பவர் கெஞ்சினாலும், முடிஞ்சதை எடுத்துப் போகட்டும், அடுத்த கிழமை வாங்கோ என்பார். இதற்குப் பின்னால் ஒரு நிரூபணம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 1961இல் ஜோன் லிற்றில் என்ற அமெரிக்கர் நிறுவியது: கையில் கிடக்கும் வேலையை, ஒரு நாளில் முடியும் வேலையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் கிடக்கும் என்று வரும். கடையில் 60 துணி, நாளுக்கு 6 முடிகிறது என்றால் ஒவ்வொன்றும் 10 நாள். 30 மட்டும் வாங்கி வைத்தால் 5 நாள். ஒருவரும் வேகமாகத் தைக்கவில்லை, புது மெசின் வாங்கவில்லை, இரவு கண்விழிக்கவில்லை. பாதி நாளில் பிளவுஸ் கைக்கு வந்துவிடுகிறது. அளவு பிழைத்தாலும் பாதி நாளில் தெரிந்துவிடுகிறது. பலகையில் துண்டுச் சீட்டு ஒட்டி, ஒரு நிரலில் இத்தனைக்கு மேல் ஒட்டக்கூடாது என்று வைக்கும் 'கன்பன்' முறையின் கணக்கும் இதே கணக்குத்தான்.

எஃப்.பி.ஐ. கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. தூக்கிப் போட்டதற்குப் பதிலாகத் தொடங்கிய அடுத்த திட்டமும் திணறியபோது, 2010இல் அதை ஒப்பந்தக்காரரிடமிருந்து தங்கள் கைக்கு எடுத்து, சிறிய குழுவோடு இரண்டு கிழமைத் துண்டுகளாக வெட்டினார்கள். 2012 ஜூலையில் அது வேலைக்கு வந்தது.

நமக்கும் இரண்டாவது ஒரு கதை உண்டு. 2020 ஜனவரி 27இல் நாட்டின் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். சுகாதார அமைச்சும் ஹிஸ்ப் ஸ்ரீலங்கா குழுவும் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூலத் தளத்தை எடுத்து, வரும் பயணிகளைப் பதிவு செய்யும் ஏற்பாட்டைச் சில நாட்களுக்குள் நிறுவிவிட்டார்கள். அப்போது தேவை அவ்வளவுதான்: யார் வந்தார், எங்கே போனார். பிறகு நோய் தன் பாட்டுக்கு வளர, மென்பொருளும் பின்னாலேயே வளர்ந்தது. தொடர்பில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள், ஆய்வுகூட முடிவு சேர்ந்தது, தீவிர சிகிச்சைக் கட்டில்கள் சேர்ந்தன. மார்ச்சில் வரப்போவதை ஜனவரியில் எந்த நிபுணரும் பட்டியல் போட்டுத் தந்திருக்க முடியாது. இங்கே செய்ததை ஒஸ்லோ பொதுவாக்கி வெளியிட, பல நாடுகள் எடுத்துக்கொண்டன.

இவ்வளவையும் பாராட்டிவிட்டு எங்கள் அலுவலகங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கொழும்பில் எழுதப்படும் மென்பொருளில் பெரும் பங்கு வெளிநாட்டுக்கு. காலையில் எல்லோரும் நின்றபடி, நேற்றுச் செய்ததென்ன, இன்று செய்யப்போவதென்ன, தடையென்ன என்று பத்து நிமிடம் பேசும் 'ஸ்டாண்ட்-அப்', நியூயோர்க்கின் காலை ஒன்பதுக்காக இங்கே மாலை ஆறரைக்கு நடக்கும். பத்து நிமிடம் முக்கால் மணியாகும். பலகையில் வண்ணச் சீட்டுகள் இருக்கும், இரண்டு கிழமைக் கெடு இருக்கும், சான்றிதழ் பெற்ற ஸ்க்ரம் மாஸ்டர் இருப்பார். அந்த மென்பொருளைத் தொடப்போகும் மனிதரை மட்டும் குழுவில் ஒருவரும் கண்ணால் கண்டிருக்கமாட்டார். மூலஸ்தானத்தில் விக்கிரகம் இல்லாமல் ஆறு காலப் பூசை!

அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும், கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் கணினித் திரையின் ஓரத்தைப் பார்ப்பேன். அங்கே டேப் போட்டு ஒட்டிய காகிதங்கள் இருக்கும். இந்தப் பொத்தானை இரண்டு தரம் அமத்தவும். திகதியை மாதம் முன்னால் போடவும். மூன்றாவது பக்கத்தில் 'நோ' கொடுக்கவும், 'யெஸ்' கொடுத்தால் அழிந்துவிடும். மென்பொருள் எழுதியவர்களுக்கு ஒருநாளும் போய்ச் சேராத கடிதங்கள்.

போன மாதம் ஒரு மருத்துவ நிலையத்தில் அம்மாவின் பழைய கோப்பை எடுக்கப் போயிருந்தேன். பெயரைச் சொன்னேன். பதிவு மேசையில் இருந்தவர், எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்கவே இல்லை. ஏதோ தட்டினார், கோப்பு உடனே வந்துவிட்டது. அம்மாவின் பெயர் அவ்வளவு லேசில் எங்கும் அகப்படும் பெயரில்லை. எட்டிப் பார்த்தேன். திரையின் கீழ் ஓரத்தில், நீலப் பேனாவால், மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது:

பெயரின் முதல் எழுத்தை விட்டுவிட்டுத் தேடவும்.